இரண்டு சங்கம் ஒன்றாகும்போது

தூத்துக்குடியில் சங்கத்துக்குப் பஞ்சம் கிடையாது. கப்பலுக்குள் இறங்கி வேலை பார்ப்பவருக்கு ஒன்று, டாலி எழுதும் கிளார்க்குக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, தோணிக்கு ஒன்று, உப்பளத்துக்குப் பல. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் தனித்தனி, ஓய்வுபெற்றவர்களுக்கு வேறு. வாசலில் பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்கும். பொதுக்குழுவுக்கு இருபது பேர் வந்தால் அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்பார்கள். பத்து வருடமாக அதே செயலாளர், அதே பொருளாளர். இப்படி ஒரு சங்கத்தில் நீங்கள் நிர்வாகியாக இருக்கலாம். 'நீ சின்னப் பையன், ஓடியாடிச் செய்வே' என்று மினிட்ஸ் புத்தகம் கையில் திணிக்கப்பட்ட புது உறுப்பினராகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும், 'பக்கத்துச் சங்கத்தோடு சேர்ந்துவிட்டால் என்ன?' என்ற பேச்சு ஒருநாள் வரத்தான் செய்யும்.

அந்தப் பேச்சைச் சட்டமும் இப்போது முன்னே தள்ளுகிறது. 2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்தது. அதுவரை இருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அத்துடன் விலகிக்கொண்டது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு எந்தச் சங்கத்துக்கு இருக்கிறதோ அதுதான் நிர்வாகத்தோடு பேசலாம். அந்த அளவு யாருக்கும் இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு ஒன்று அமையும். அதில் இடம் கிடைக்க 20 விழுக்காடாவது வேண்டும். 12 விழுக்காடு வைத்திருக்கும் சங்கமும் 9 விழுக்காடு வைத்திருக்கும் சங்கமும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வாசல்தான். சேர்ந்தால் 21, உள்ளே ஒரு நாற்காலி.

கணக்கு இவ்வளவு லேசாக இருப்பதால்தான் பலர் அவசரப்படுகிறார்கள். காகிதத்தில் 21 ஆனது ஒரே வருடத்தில் 14 ஆகக் கரைவதும் உண்டு. கோபித்துக்கொண்டு போனவர்கள் மூன்றாவதாக ஒரு சங்கம் தொடங்கியிருப்பார்கள். ஆகவே கையெழுத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை சில.

எதற்காகச் சேர்கிறீர்கள்?

இணைப்பு விஷயத்தில் நெடிய அனுபவம் உள்ளவர்கள் பிரீமேசன்கள். மதம், அரசியல் இரண்டையும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கூடும் சகோதர அமைப்பு அது. அதன் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஒரு எண், ஒரு அனுமதிப் பத்திரம், கூடுவதற்கென்று குறித்த நாள் உண்டு. 1959-இல் அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் இருந்த உறுப்பினர்கள் இன்று 10 லட்சத்துக்கும் கீழே. கூட்டம் நடத்த ஆள் சேராத லாட்ஜ்கள் பக்கத்து லாட்ஜோடு சேர்வது மேலை நாடுகளில் இப்போது வாடிக்கையாகிவிட்டது.

அதில் தேறியவை எவை, தேறாதவை எவை என்று யோசித்தால் ஒன்று புலப்படும். பதினைந்து முதியவர்கள் உள்ள இரண்டு லாட்ஜ்களைச் சேர்த்தால் முப்பது முதியவர்கள் உள்ள ஒரு லாட்ஜ் கிடைக்கும். சில வருடங்களில் அது மறுபடி பதினைந்தாகும். வாடகை பாதியாகும், நாற்காலி நிறைந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். இதில் இன்னொரு நட்டமும் உண்டு. 'எங்கள் தாத்தா காலத்து லாட்ஜ்' என்ற ஒட்டுதலுக்காகவே வந்துகொண்டிருந்தவர், அந்தப் பெயர் போனதும் வருவதை நிறுத்திவிடுவார். காலி நாற்காலிதான் காரணம் என்றால் இணைப்பு அதற்கு மருந்தாகாது. புது ஆள் ஏன் வரவில்லை என்பதற்கு முதலில் பதில் தேடுங்கள்.

சேர்ந்தால்தான் முடியும் என்று சொல்லும்படி ஒரு வேலை இருக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் இடம் பிடிப்பது அப்படி ஒரு வேலை. முழுநேர அலுவலக ஊழியர் ஒருவரை அமர்த்துவது, உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தொடங்குவது, வழக்கு நடத்துவது எல்லாம் அந்த வகைதான். அந்த வேலையை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லையென்றால் இணைப்புப் பேச்சை ஒத்திப்போடுங்கள்.

நலன் மோதுகிற இடத்திலும் சேராதீர்கள். விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் மீன்பிடிப்பது ஒரே கடலில். தகராறு வருவதும் அதனால்தான். யார் எந்த எல்லையில் வலை போடுவது என்ற சண்டையை ஒரே அலுவலகம், ஒரே முத்திரையால் தீர்க்க முடியாது. அவர்கள் உட்கார வேண்டியது சமரச மேசையில். சங்க இணைப்பு அதற்கு வழியில்லை.

யார் ஒன்று, யார் இரண்டு?

இணைப்புகள் பெரும்பாலும் முறிவது கொள்கையில் இல்லை, வரிசையில்தான். எந்தச் சங்கத்தின் பெயர் முதலில் வரும், யாருடைய பணிமூப்பு மேலே நிற்கும், மேடையில் யார் எங்கே உட்காருவார்கள் என்பதில்.

இதற்கு நல்ல தீர்வு ஒன்று லண்டனில் 1813-இல் கிடைத்தது. 1717-இல் தொடங்கிய பிரீமேசன் கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜ்களின் தலைமை அமைப்பு) ஒரு பக்கம், அது பழைய முறையைக் கெடுத்துவிட்டது என்று சொல்லி 1751-இல் தனியே கிளம்பிய கிராண்ட் லாட்ஜ் மறுபக்கம். வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்தவர்கள் தங்களைப் 'பழையவர்கள்' என்றும் முன்னால் இருந்தவர்களைப் 'புதியவர்கள்' என்றும் அழைத்தார்கள். அறுபது வருடத்துக்கும் மேல் நீடித்த பகை 1813 டிசம்பர் 27 அன்று முடிந்தது. இரண்டுக்கும் தலைவர்களாக இருந்தவர்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன்கள். கென்ட் கோமகன் தன் தலைமையை விட்டுக்கொடுத்து, சகோதரர் சசெக்ஸ் கோமகனையே பொதுத் தலைவராக முன்மொழிந்தார்.

தலைமை தீர்ந்தது. அடுத்து எண். இரு பக்கமும் ஒன்றாம் எண் லாட்ஜ் இருந்தது, இரண்டாம் எண் இருந்தது, மூன்றாம் எண் இருந்தது. சீட்டுக் குலுக்கினார்கள். 'பழையவர்'களுக்கு விழுந்தது. அவர்களின் ஒன்றாம் எண் ஒன்றாகவே நின்றது. 'புதியவர்'களின் ஒன்று இரண்டானது, 'பழையவர்'களின் இரண்டு மூன்றானது. இப்படியே மாறி மாறி எண் கொடுத்துக்கொண்டு போனார்கள். 1717-இல் கிராண்ட் லாட்ஜ் தொடங்கிய நான்கில் ஒன்றான மூத்த லாட்ஜ், தனக்குப் பல பத்தாண்டுகள் பின்னால் பிறந்த லாட்ஜுக்கு அடுத்தபடி, இரண்டாம் எண்ணை ஏற்றுக்கொண்டது. யாருக்கும் முழுத் திருப்தி கிடைத்திருக்காது. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று சொல்ல யாராலும் முடியாது. வரிசைச் சிக்கலில் இதைவிட நல்ல முடிவு கிடைப்பது அரிது.

சடங்குமுறை இரு பக்கமும் வேறுவேறாக இருந்தது. அதற்கென்று சமரச லாட்ஜ் ஒன்றை அமைத்து, இரு தரப்பிலிருந்தும் ஆட்களை எடுத்து, பொதுமுறையைப் பேசி முடிவு செய்து, மற்ற லாட்ஜ்களுக்குச் செய்து காட்டினார்கள். அது 1816 வரை நடந்தது. அதாவது கையெழுத்தான பிறகும் ஏறக்குறைய மூன்று வருட வேலை மிச்சமிருந்தது. நம் ஊரில் இணைப்பு விழா முடிந்து சால்வை மடிப்பதற்குள் எல்லாம் முடிந்ததாக நினைத்துவிடுகிறோம்.

சென்னைக்காரர்கள் இதில் லண்டனுக்கு முன்னோடி. லண்டனில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, 1786-இல், சென்னையில் இரு பிரிவினரும் ஒரே தலைமையின்கீழ் வந்து 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' (முழு ஒருமனம்) என்ற லாட்ஜை நிறுவினார்கள். இரண்டில் எதன் பெயரையும் வைக்காமல், சேர்ந்ததையே பெயராக்கிவிட்டார்கள். ஊரைவிட்டு வெகுதூரம் வந்து பிழைக்கிற சிறு கூட்டத்துக்குத் தலைமையகத்துச் சண்டையைச் சுமக்க வசதியில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் தலைமைகள் மோதிக்கொள்வதற்காகத் தூத்துக்குடியில் ஒரே கேங்கில் வேலை பார்க்கும் இருவர் முகம் திருப்பிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு இந்த 1786 ஞாபகம் வரும்.

விருப்பமில்லாதவரை என்ன செய்வது? அதற்கும் பிரீமேசன்களிடமே முன்மாதிரி உண்டு. 1961 நவம்பர் 24 அன்று இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் அமைந்தபோது, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து தலைமைகளின்கீழ் இருந்த லாட்ஜ்கள் தாங்களே முடிவெடுக்க விடப்பட்டன. பல வந்தன, பல பழைய இடத்திலேயே நின்றன. நின்றவை இன்றும் நடக்கின்றன, வந்தவர்களோடு உறவாகவும் இருக்கின்றன. சேராதவரைத் துரோகி என்று அழைக்காத இணைப்பில்தான் பின்னால் வந்து சேர வழி திறந்திருக்கும்.

பழைய துறைமுகம், புதுத் துறைமுகம்

நம் ஊரிலேயே பெரிய இணைப்பு ஒன்று நடந்திருக்கிறது. 1964 நவம்பர் 5 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி புதிய துறைமுகப் பணியைத் தொடங்கிவைத்தார். 1974 ஜூலை 11 அன்று அது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆழமில்லாத பழைய துறைமுகமோ சிறு துறைமுகமாகத் தனியே நடந்தது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு தோணியில் போய்வரும். ஏறக்குறைய ஐந்து வருடம் ஒரே ஊரில் இரண்டு துறைமுகம், இரண்டு நிர்வாகம். 1979 ஏப்ரல் 1 அன்று இரண்டும் சேர்ந்து தூத்துக்குடி துறைமுகப் பொறுப்புக் கழகமாயின. 2011 ஜனவரியில் வ.உ.சிதம்பரனார் பெயர் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பழையதை இழுத்து மூடிவிடவில்லை என்பது. புதிய பகுதிக்கு ஏ மண்டலம், பழைய பகுதிக்கு பி மண்டலம். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றும் தோணிகள் பழைய இடத்திலிருந்தே கிளம்பின. பெரிய கப்பலின் வேலை வேறு, தோணி ஓட்டும் தண்டலின் வேலை வேறு. நிர்வாகம் ஒன்றானதால் தொழிலும் ஒன்றாக வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. மக்கள் வாயில் இன்றும் அது பழைய துறைமுகம்தான், இது புதுத் துறைமுகம்தான். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

உங்கள் இணைப்பிலும் இதைச் செய்யுங்கள். பெயர், முத்திரை, வங்கிக் கணக்கு, பேச்சுவார்த்தை ஆகியவை பொது. மாதக் கூட்டம், ஆண்டு விழா, கோயில் கொடை, துக்க வீட்டுக்குப் போவது எல்லாம் பழைய பிரிவுகளிடமே இருக்கட்டும். துறைமுகத் தொழிலாளர் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1922 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் 14 சங்கங்கள் சேர்ந்து போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்தன. முன்னின்று நடத்தியவர் கப்பல்துறைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த எர்னஸ்ட் பெவின். பணமும் இறுதி முடிவும் மையத்தில். ஆனால் கப்பல்துறை, சாலைப் போக்குவரத்து, எழுத்தர் என்று தொழில்வாரிப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் சொந்தக் குழு, சொந்தச் செயலாளர். 'லாரிக்காரர் கூட்டத்தில் கிரேன் பிரச்சினை யாருக்குப் புரியும்?' என்ற பயத்துக்கு அது பதில். அந்தச் சங்கம் 2007-இல் இன்னும் பெரிய இணைப்பில் கலக்கும் வரை நிலைத்தது.

முழு இணைப்பு இல்லாமலும் காரியம் ஆகும். 2024 ஆகஸ்ட் 28 முதல் நாட்டின் பெருந்துறைமுகங்களில் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்திருந்த தொழிலாளர் கூட்டமைப்புகள் அரசியலில் ஆளுக்கொரு திசை. ஊதியப் பேச்சில் மட்டும் ஒரே பக்கம் உட்கார்ந்தார்கள். 27-ஆம் தேதி உடன்பாடு வந்தது. 2022 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு 8.5 விழுக்காடு ஊதிய உயர்வுப் பலன், ஐந்து வருட ஒப்பந்தம். கொடி மாறவில்லை, அலுவலகம் மாறவில்லை. உங்கள் தேவை ஒரே ஒரு கோரிக்கை என்றால் கூட்டுக்குழு போதும், பதிவு அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை.

பணமும் பதவியும்

இனி சங்கடமான இடம். இதற்கு இந்தக் கரையே ஒரு முறை வைத்திருக்கிறது.

பிரிட்டிஷ் காலத்து முத்துக்குளிப்பில் குளியாட்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி, அரசுக்கு இரண்டு பங்கு. யார் பிரிப்பது? கரைக்கு வந்த சிப்பியைக் குளியாட்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று அதிகாரி காட்டுவார். எந்தச் சிப்பிக்குள் முத்து என்று யாருக்கும் தெரியாது. ஒரு குவியலைப் பெரிதாக வைத்தால் அது அரசுக்குப் போய்விடும். அதனால் குவியல்கள் தானாகவே சமமாகும். 1961-இல் இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. ஆனால் பிரிப்பவர் ஒருவர், தேர்பவர் இன்னொருவர் என்ற அந்த ஏற்பாட்டுக்கு வயதாகவில்லை.

பதவிகளுக்கு இதை அப்படியே பயன்படுத்தலாம். ஒரு சங்கம் எல்லாப் பதவிகளையும் இரண்டு கட்டாகப் பிரித்து எழுதட்டும். உதாரணமாக, தலைவரும் பொருளாளரும் ஒரு கட்டு. பொதுச்செயலாளரும் இரண்டு துணைத்தலைவர்களும் இன்னொரு கட்டு. எந்தக் கட்டு தங்களுக்கு என்பதை மற்றச் சங்கம் சொல்லட்டும். அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். இரவு பன்னிரண்டு மணிவரை நடக்கும் பேரம் அரைமணி நேரத்தில் முடியும்.

பணப்பெட்டிக்குக் காவல் யார் என்பதற்கும் கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. குளியாளின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். கயிற்றை விட்டால் தாலியறுப்பது அவர் உடன்பிறந்தவள். சங்கத்திலும் காசோலையில் கையெழுத்துப் போடுபவர், பணம் போனால் தானும் இழக்கிறவராக இருக்க வேண்டும். பொருளாளர் ஒரு பக்கத்துக்காரர், இணைக் கையெழுத்து மறுபக்கத்துக்காரர். இருவருமே சங்கத்தின் நல நிதியில் பணம் போட்டிருப்பவர்கள். சங்கத்தில் ஒரு ரூபாய் சேமிப்பும் இல்லாத பெரிய மனிதரைப் பொருளாளராக்குவது நம் ஊர் வழக்கம். இணைப்பு வருடத்தில் அதை விட்டுவிடுங்கள்.

இருக்கிற நிதிகளில் மிக ஆபத்தானது இறப்பு நிவாரண நிதி. ஒரு சங்கம் உறுப்பினர் இறந்தால் 25,000 ரூபாய் தருகிறது, இன்னொன்று 10,000 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைந்த நாளில் 'இனி எல்லாருக்கும் 25,000' என்று கைதட்டு வாங்கினால் இரண்டு வருடத்தில் நிதி வற்றும். 'எல்லாருக்கும் 10,000' என்றால் இருபது வருடம் சந்தா கட்டியவர் நியாயமாகவே சண்டைக்கு வருவார். இரண்டு பழைய நிதிகளையும் அப்படியே தனிக்கணக்கில் பூட்டிவிடுங்கள். பழைய உறுப்பினருக்குப் பழைய வாக்குறுதி. இணைந்த தேதிக்குப் பிறகு கட்டும் சந்தாவுக்குப் புது நிதி, எல்லாருக்கும் ஒரே தொகை. கணக்கு எழுதக் கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள்.

சொத்துப் பட்டியலை இருவரும் மாற்றிக்கொள்ளும்போது கடனையும் கேளுங்கள். மின் இணைப்பு யார் பெயரில், வீட்டுவரி பாக்கி எவ்வளவு, கட்டடப் பத்திரம் யார் பீரோவில், எந்த நீதிமன்றத்தில் என்ன வழக்கு, வைப்புநிதி எப்போது முதிர்கிறது, ஆயுள் சந்தா வாங்கிக்கொண்டு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் எல்லாவற்றையும். இறந்துபோன பழைய தலைவர் பெயரிலேயே இன்னும் வங்கிக் கணக்கு இருக்கும் சங்கங்கள் உண்டு. அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

காகித வேலை

1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணக்குத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு சங்கத்திலும் வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப்பேராவது வாக்களிக்க வேண்டும், பதிவான வாக்கில் 60 விழுக்காடு ஆதரவு வேண்டும். இப்போது இணைப்பு முறையைப் புதிய சட்டத்தொகுப்பின்கீழ் வரும் விதிகள் தீர்மானிக்கும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். விதி எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், பழைய சட்டத்தின் அளவை உங்கள் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. பாதிப்பேரைக்கூட வாக்குப்பெட்டி வரை கூட்டிவர முடியாத தலைமைக்கு இணைப்பை நடத்தவும் பலம் இருக்காது. உங்களுடையது தொழிற்சங்கமாக இல்லாமல் பதிவு பெற்ற சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் உங்கள் துணைவிதிகளும் பேசும். கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவுத் துறை. ஒன்றுக்கு எழுதிய தீர்மான வாசகத்தை இன்னொன்றுக்கு நகலெடுக்காதீர்கள்.

தேதி குறிப்பதும் காகித வேலைதான். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவை ஒட்டி இந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்கும் ஆள் வராது. விசைப்படகு சார்ந்த சங்கம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வாகான நேரம், எல்லாரும் கரையில் இருப்பார்கள். உப்பளத்துக்காரருக்கு அது நேர்மாறு, கோடைதான் உற்பத்திக் காலம். அவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்கள் சரிப்படும். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை என்பதால் ஒரே தீர்மானத்துக்கு இரண்டு அமர்வு வைத்து, இரண்டிலும் வாக்குப் பதிவு செய்யுங்கள்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்?

மினிட்ஸ் புத்தகத்தோடு மாட்டிக்கொண்ட இளைஞருக்கு ஒரு சொல். இதைத் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம். ஒரு இணைப்பை ஆரம்பம் முதல் பதிவு வரை கூடவே இருந்து முடித்தவருக்கு ஐந்தொகை படிக்கத் தெரியும், தீர்மானம் எழுதத் தெரியும், கோபமாக இருக்கிற இரண்டு மூத்தவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கத் தெரியும், அரசு அலுவலகத்தில் யாரை எப்போது பார்ப்பது என்று தெரியும். சரக்குப் பெட்டக நிலையமாகட்டும், ஷிப்பிங் ஏஜென்சியாகட்டும், மனிதவளப் பிரிவுக்கு ஆள் எடுப்பவருக்கு இது புரியும். பயோடேட்டாவில் 'சங்க உறுப்பினர்' என்று மொட்டையாக எழுதாமல், எத்தனை உறுப்பினர், எவ்வளவு நிதி, எத்தனை மாதத்தில் முடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் அலுவலகமே இணைக்கப்படும் நாளிலும் இது கைகொடுக்கும். தென்மாவட்டங்களில் 1977 முதல் இருந்த பாண்டியன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கியானது. ஒன்றை நடத்தியது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, மற்றதை இந்தியன் வங்கி. விருதுநகரில் இருந்த தலைமை அலுவலகம் போய், சேலம் தலைமையகமானது. தெற்கத்திக் கிளையில் இருந்தவருக்கு ஒரே நாளில் பெயர், முத்திரை, தலைமை எல்லாம் புதுசு. இப்படிப்பட்ட நேரத்தில் முந்துகிறவர் யார் என்று பார்த்தால், மறுபக்கத்தின் மென்பொருளையும் படிவங்களையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டு, தன் பக்கத்தாருக்குச் சொல்லிக்கொடுப்பவர்தான். 'எங்க பேங்க்ல இப்படிச் செய்ய மாட்டோம்' என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர் சொல்வது சரியாகவே இருந்தாலும் பதவி உயர்வுப் பட்டியலில் பின்னால்தான் நிற்பார். அந்த வாக்கியத்தை 'அங்கே இப்படி ஒரு வழி இருந்தது, பார்க்கலாமா?' என்று மாற்றினால் போதும்.

சாப்பாட்டு நேரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பழைய ஆட்கள் பழைய ஆட்களோடு, புது ஆட்கள் புது ஆட்களோடு என்று இரண்டு மேசை உருவாகிவிட்டால் அதைக் கலைப்பது பிறகு எந்த மேலாளராலும் ஆகாது. முதல் மாதத்திலேயே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போய்விடுங்கள்.

முதலில் வேலை, பிறகு கையெழுத்து

குழு உணர்வு இணைப்பு ஒப்பந்தத்தின் இணைப்புத்தாளாக வராது. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது இங்கே முறையான தொழிற்சங்கமே கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள், ஊர் முழுக்கச் சேர்ந்து நின்றது. எதிர்ப்பக்கம் பேசிய வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதியிலேயே எழுந்து போனார் என்ற கதையை இன்றும் சொல்வார்கள். சில நாட்களில் ஊதிய உயர்வு கிடைத்தது. பதிவு எண் இல்லாமலே ஒற்றுமை இருந்தது, ஏனென்றால் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு வேலை இருந்தது.

ஆகவே இணைப்பைப் பேசும் இரண்டு சங்கங்களும் குறைந்தது ஆறு மாதம் ஏதாவதொன்றைச் சேர்ந்து செய்து பாருங்கள். நலவாரியப் பதிவு முகாம் நடத்தலாம். உப்பளத் தொழிலாளருக்கு அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்துக்குத் தகுதியுள்ளவர்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளலாம். கண் பரிசோதனை முகாம் என்றாலும் சரி. வேலையை யார் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார், யார் புகைப்படத்துக்கு மட்டும் வருகிறார், எந்தப் பக்கத்தின் கணக்கு நாலணா பிசகாமல் வருகிறது என்பதெல்லாம் அந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். எந்த ஆலோசகரும் தர முடியாத அறிக்கை அது.

அப்படியும் ஒட்டவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டுக்குழுவாகவே தொடருங்கள். அதற்கும் ஆளில்லை என்ற நிலையில் இருக்கும் சங்கம், கடனை அடைத்து, உறுப்பினர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மினிட்ஸ் புத்தகங்களைப் பத்திரமான இடத்தில் ஒப்படைத்துவிட்டு மரியாதையாகக் கலைவதில் குற்றமே இல்லை. சரியாக நடத்த முடியாத சங்கத்தைப் பெயருக்காக இன்னொன்றின் தோளில் ஏற்றுவதைவிட அது நேர்மையானது.

ஒட்டும் என்று தோன்றினால் தாமதிக்க வேண்டாம். அடுத்த பொதுக்குழு அழைப்பிதழ் அச்சாகும்போது கூடுதலாக ஒரு பிரதி போட்டு, பக்கத்துச் சங்கச் செயலாளருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.